‘குடும்பத்தில் உண்டு’ என்ற ஒரு வரி போதாது

31 வயதுப் பெண் ஒருவர் மறுப்புக் கடிதத்துடன் வந்திருந்தார். நான் எழுதிக் கொடுத்த மார்பக எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் பணம் தரக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. வயது குறைவு, மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். கோபத்தோடு கோப்பைப் புரட்டினேன். ‘குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டு’ என்று ஒரே ஒரு வரிதான் நான் எழுதியிருந்தேன். கோபம் இடம் மாறிவிட்டது.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) என்றாலே 40 வயது என்பது சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கான கணக்கு. காப்பீட்டு விதிகளும் பெரும்பாலும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து 20 முதல் 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 30 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மேமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் தேவை என்கிறது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம். 10 முதல் 30 வயதுக்குள் மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் இதில் சேர்வார்கள். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. எம்.ஆர்.ஐ. கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல.

அந்தச் சதவீதத்தை எந்தக் கணக்கீட்டு முறையில் எடுக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறோம். கெயில் முறை தாய், சகோதரி, மகள் ஆகியோரின் மார்பகப் புற்றுநோயை மட்டுமே எண்ணும். இவருடைய அத்தைக்கு, அதாவது தந்தையின் தங்கைக்கு, 38 வயதில் மார்பகப் புற்றுநோய். தந்தையைப் பெற்ற பாட்டிக்குச் சினைப்பைப் புற்றுநோய். கெயில் கணக்கில் இருவருமே இல்லை! டைரர்-குசிக் முறையில் போட்டபோது 20 சதவீதத்தைத் தாண்டியது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிழை தந்தை வழியாகவும் வரும் என்பதை நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களும் மறந்துவிடுகிறோம்.

மேல்முறையீட்டில் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் என்று வரிசையாக எழுதினேன். கணக்கீட்டு முறையின் பெயர், வந்த சதவீதம், வழிகாட்டு நெறி எல்லாவற்றையும் சேர்த்தேன். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவரோடு நேரில் பேசவும் கேட்டேன். அனுமதி கிடைத்தது. மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் மேல்முறையீட்டுக் கெடுவைப் பாருங்கள். பலரும் அதைத் தவறவிட்ட பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்.

‘வலி இருக்கிறது என்று எழுதிவிடுங்களேன், டாக்டர்’ என்று கேட்பவர்கள் உண்டு. எழுத மாட்டேன். இல்லாத அறிகுறி ஏட்டில் ஏறினால் பின்னாளில் கேள்வியாகத் திரும்பும். முன்கூட்டிய பரிசோதனை நோயறியும் பரிசோதனையாகக் கணக்கிடப்பட்டு, கைப்பணம் கூடுதலாகவும் போகலாம்.

எம்.ஆர்.ஐ.யில் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் அனுமதி வாங்க வேண்டும். மரபணுச் சோதனையை, முடிந்தால், நோய் கண்ட அத்தையிடமிருந்து தொடங்குவது நல்லது என்று சொல்லி அனுப்பினேன். அதற்காக அத்தையிடம் பேசியவர், இதுவரை யாரும் சொல்லாத ஒரு சித்தப்பா மகளின் நோய் விவரத்தையும் எழுதிக்கொண்டு வந்தார்.