வீட்டு ரூட்டர் பெயரை முகவரியாக்கும் விதம்

வீட்டிலுள்ள பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க 192.168.1.37 என்ற ஐபி முகவரி எண்ணை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை; ‘பிரிண்டர்.லேன்’ போன்ற ஒரு பெயரே போதும். முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி பணியையும், பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் பணியையும் ரூட்டரில் ஒரே மென்பொருள் கவனிப்பதால்தான் இது இயல்கிறது.

ஒரு கருவி வைஃபையில் இணையும்போது, தனக்கு முகவரி கேட்டு அனுப்பும் செய்தியிலேயே பெரும்பாலும் தன் பெயரையும் சேர்த்து அனுப்புகிறது. சைமன் கெல்லி எழுதியதும், ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல இயங்குதளம் கொண்ட ரூட்டர்களில் இயல்பாகவே இடம்பெறுவதுமான ‘டிஎன்எஸ்மாஸ்க்’ என்னும் சிறு நிரல், அந்தப் பெயரையும் தான் கொடுத்த முகவரியையும் ஒரே பட்டியலில் பதிந்துகொள்கிறது. பிறகு அதே வீட்டின் மடிக்கணினி அந்தப் பெயரைக் கேட்டால், கேள்வி வெளியே போகாமல் பட்டியலிலிருந்தே பதில் கிடைக்கிறது. மற்ற பெயர்கள் இணையச் சேவையாளரின் டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்பப்படுகின்றன. பெயர் அனுப்பாத கருவிகளுக்கு, அவற்றின் மேக் முகவரியைக் (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் வன்பொருள் எண்) கொண்டு ஒரு நிலையான ஐபி முகவரியையும் பெயரையும் நாமே பதிந்துவிடலாம். தற்கால கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுவதால், அந்த வைஃபையில் தெரியும் முகவரியையே பதிய வேண்டும்.

பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டிலும் (மேலே ‘லேன்’) கவனம் தேவை. ‘லோக்கல்’ என்பதைப் பலர் விரும்பி வைக்கிறார்கள். ஆனால் அது ரூட்டரைக் கேட்காமல் 224.0.0.251 என்ற முகவரி வழியே கருவிகள் ஒன்றையொன்று நேரடியாக விசாரிக்கும் முறைக்கு 2013 முதல் ஒதுக்கப்பட்டது. வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018-இல் ‘ஹோம்.ஆர்ப்பா’ ஒதுக்கப்பட்டது. அழகான பெயர் என்று சொல்ல முடியாது, ஆனால் யாரோடும் மோதாது.

அமைப்புகள் சரியாக இருந்தும் பெயர் வேலை செய்யாவிட்டால், கேள்வி ரூட்டருக்கு வரவே இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாம் டிஎன்எஸ் சர்வராக கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-ஐச் சேர்ப்பது பரவலான பழக்கம். அது முதலாவது செயலிழந்தால் மட்டுமே பயன்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கருவி இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நம் வீட்டுப் பிரிண்டரை அறியாத அந்தச் சர்வர் ‘அப்படியொரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிட்டால், அதை முழுமையான பதிலாக ஏற்றுக்கொண்டு கருவி அத்தோடு நின்றுவிடும். பிரவுசரின் மறையாக்கப்பட்ட டிஎன்எஸ் வசதியும், ஆண்ட்ராய்டின் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பும் இவ்வாறே ரூட்டரைத் தாண்டிச் செல்லக்கூடும். புதிய ஐபி முகவரி முறையான ஐபிவி6 வழியாக வேறொரு டிஎன்எஸ் சர்வரின் முகவரி கருவிக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. இதைத்தான் பலர் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள்.

கணினியில் ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையைப் பெயருடன் இயக்கினால், பதிலளித்த சர்வரின் முகவரி முதலில் தெரியும். அது ரூட்டருடையதாக இருந்தால் பட்டியலையும் பின்னொட்டையும் சரிபார்க்க வேண்டும். வேறொன்றாக இருந்தால், ரூட்டரைத் தொடுமுன் அந்தக் கணினியின் டிஎன்எஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும்.