பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்கள்

பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவில் எனக்கு இன்றும் சரியாக உறக்கம் வருவதில்லை. கணித ஆசிரியராகப் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றிய பின்னும், எழுதி முடித்த பாடக்குறிப்பேட்டை மீண்டும் மீண்டும் எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பாடத்தைப் பற்றிய அச்சம் எப்போதோ விலகிவிட்டது. புதிதாக வந்து அமரப்போகும் நாற்பது பிள்ளைகளில் யாரை அவசரப்பட்டுத் தவறாக எடைபோட்டுவிடுவேனோ என்ற கவலைதான் இப்போது மிஞ்சியிருக்கிறது. அந்தக் கவலை ஒரு மாணவியிடமிருந்து எனக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பின் முதல் நாளன்று, பிள்ளைகளுக்கு என்ன நினைவிருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பத்துப் பின்னக் கணக்குகளைக் கொடுத்தேன். கடைசி வரிசையில் இருந்த அந்த மாணவி, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்ன கணக்கில், தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று விடை எழுதியிருந்தாள். அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு விடை அரையைவிடக் குறைந்திருப்பது அவள் கண்ணில் படவில்லை. பத்தில் இரண்டு கணக்குகளே சரி. நான் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் ஒரு குறி இட்டு, தனிப்பயிற்சி தேவைப்படுவோர் வரிசையில் அவளை அமர்த்தினேன். அதன் பின் அந்தப் பருவம் முழுவதும் அவள் தானாகக் கை உயர்த்தியதே இல்லை.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில், அவளுடைய ஆறாம் வகுப்புக் குறிப்பேடு தற்செயலாக என் கைக்கு வந்தது. அதே வகைக் கணக்கை, மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து, பகுதிகளைச் சமமாக்கி, ஆறில் ஐந்து என்று படிப்படியாகச் செய்து, விடையின் கீழ் அளவுகோல் வைத்துக் கோடும் போட்டிருந்தாள். ஆக, அவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை, விடுமுறையில் மறந்துபோயிருந்தது. மறந்துபோனவளைத் தெரியாதவள் என்று முதல் நாளிலேயே தீர்ப்பு எழுதியவன் நான்.

மறதியைப் பற்றி அறிவியல் முறையில் முதன்முதலாக அளந்து எழுதியவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்து, 1885-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில், கற்றது தொடக்கத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நழுவுகிறது என்ற பகுதியைத்தான் பலரும் அறிந்திருக்கிறார்கள். ஆசிரியருக்கு அதைவிடப் பயன்படுவது அவர் அளந்த முறை. முன்பு கற்றதைத் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் குறைகிறது என்பதையே அவர் கணக்கிட்டார். ஒரு மாதம் கழிந்த பிறகும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு அவருக்கு மிச்சமானது. பொருளே இல்லாத அசைகளுக்கே அப்படியென்றால், புரிந்து செய்த கணக்கு எவ்வளவு எளிதாக மீண்டு வரும்! அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீண்ட கோடை விடுமுறையால் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்னடைவு ஏற்படுவதையும், வாசிப்பைவிடக் கணிதத்தில் அது மிகுதியாக இருப்பதையும் கண்டார்கள். அதாவது, முதல் வாரத்தில் நாம் வைக்கும் தேர்வு பிள்ளையின் திறமையை அளப்பதைவிட விடுமுறையின் நீளத்தையே பெரிதும் அளக்கிறது.

ஆகவே முதல் இரண்டு வாரங்கள் நான் மதிப்பெண் போடுவதே இல்லை. நாள்தோறும் வகுப்பு தொடங்கியதும் பத்து நிமிடம் சென்ற ஆண்டுக் கணக்குகளில் மூன்றைப் புத்தகத்தைப் பாராமல் செய்யச் சொல்கிறேன். உடனே சேர்ந்து திருத்துகிறோம். மறந்ததை நாம் மீண்டும் சொல்லிக்கொடுப்பதைவிட, பிள்ளை தானே முயன்று நினைவுகூர்வது அதை ஆழமாகப் பதிக்கிறது. பாடம் பின்தங்கிவிடும் என்று சக ஆசிரியர்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. என் அனுபவத்தில் அந்த இரண்டு வாரங்கள் முதல் பருவம் முடிவதற்குள் திரும்பக் கிடைத்துவிடுகின்றன.

இன்னொரு வழக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். முந்தைய வகுப்பாசிரியர் தரும் பட்டியலில், ‘கவனமில்லை’, ‘மந்தம்’ என்பன போன்ற குறிப்புகள் இருந்தால், அந்தப் பக்கத்தை இரண்டு வாரம் திறப்பதில்லை. பார்வைக் குறைபாடு, வலிப்பு, ஒவ்வாமை, வீட்டில் நேர்ந்த இழப்பு ஆகியவற்றை மட்டும் முதல் நாளுக்கு முன்பே கேட்டறிந்துவிடுகிறேன்; அவற்றை அறியாமல் வகுப்பறைக்குள் நுழைவது பொறுப்பின்மை. ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளை ‘இவர்கள் விரைவில் மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தபோது, சிறு வகுப்புகளில் அப்பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக உயர்ந்தது. அந்த ஆய்வின் முறை குறித்துப் பின்னர் நிறையவே வாதங்கள் எழுந்தன. ஆனாலும் நான் இட்ட ஒரு சிவப்புக் குறி ஒரு சிறுமியின் கையை ஐந்து மாதம் கீழே இறக்கி வைத்ததைக் கண்ணால் கண்டவன் என்பதால், ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையைத் தொடும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த ஆண்டுக்கு நான் எனக்கென வைத்திருக்கும் இலக்கு ஒன்றே ஒன்று: கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் எழுதினார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. அதுவரை வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சிறிதுதான். ஆனால் நாற்பது பேர் அமைதியாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அது மிக நீளமாகத் தோன்றும். முன்வரிசையில் உயர்ந்த கையை உடனே அழைத்துவிட நாக்கு துடிக்கும். சென்ற ஆண்டு பலமுறை அப்படித் தோற்றிருக்கிறேன். அதனால் இம்முறை மேசையடியில் விரல்விட்டு எண்ணுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் வாரத்தில் பிள்ளை ‘எல்லாம் மறந்துபோச்சு’ என்று வந்து நின்றால், அதை விடுமுறையில் படிக்காத குற்றமாக்கித் திட்டாதீர்கள். பழைய குறிப்பேடுகளை எடைக்குப் போட்டுவிடாமல் அரையாண்டு வரையிலாவது வைத்திருந்து, பிள்ளையின் கையில் கொடுத்து அதன் சொந்தக் கையெழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களை உரக்கச் சொல்லிப் பழகிவிட்டேன். சிவப்புப் பேனாவை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். முதல் நாள் கரும்பலகையில் எழுதப்போவது, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும் அந்தக் கணக்கைத்தான்.