ஓராண்டில் 12.7 லட்சம் பேர்: கனடாவுக்கு என்ன நடந்தது?

2023ஆம் ஆண்டில் கனடாவின் மக்கள்தொகை 3.2 சதவீதம் கூடியது. ஒரே ஆண்டில் 12.7 லட்சம் பேர். வளர்ந்த நாடுகளில் இவ்வளவு வேகம் அபூர்வம். கனடாவிலேயே இதைவிட அதிகமான வளர்ச்சியைப் பார்க்க 1957க்குப் போக வேண்டும், அப்போது 3.3 சதவீதம். ஆனால் 1950களின் கனடா என்றால் புதுப் புறநகர்கள், நிலையான வேலை, கையில் கொஞ்சம் காசு என்ற படம்தான் அங்குள்ளவர்கள் மனதில் எழும். 2023 என்றால் வாடகையும், குடும்ப டாக்டர் கிடைக்காத அலைச்சலும்தான்.

மக்கள்தொகை கூடினால் வாழ்க்கைத்தரம் குறையும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளே போதும். வந்தவர்கள் எந்த வயதில் வந்தார்கள், அந்த வேகத்துக்கு வீடும் குழாயும் ஆஸ்பத்திரியும் ஈடுகொடுத்தனவா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1957இல் கூடியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே பிறந்த குழந்தைகள். ஹங்கேரியில் 1956 எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு வந்த சுமார் 37,000 அகதிகள் உட்பட வெளியிலிருந்தும் நிறையப் பேர் வந்தார்கள். என்றாலும் பெரும்பங்கு தொட்டிலில்தான் இருந்தது. பிறந்த குழந்தை இருக்கிற வீட்டுக்கே வருகிறது. அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் ஐந்து வருடம் அவகாசம் உண்டு. வேலையும் தனி வீடும் வேண்டுமென்றால் இருபது வருடம். அந்தத் தலைமுறை இருபது வயதை நெருங்கிய 1976இல், 2.3 கோடிப் பேர் இருந்த கனடா 2.73 லட்சம் வீடுகளைக் கட்டத் தொடங்கியது.

2023இல் கூடியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் வெளியிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள். இருபத்தைந்து வயதில் டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்குகிறவருக்கு அன்று இரவே படுக்க இடம் வேண்டும். மறுநாள் காலையில் பஸ் வேண்டும், அந்த வாரமே வேலை வேண்டும். கனடாவில் ஒரு வீட்டில் சராசரியாக 2.4 பேர் வசிக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 12.7 லட்சம் பேருக்கு 5.3 லட்சம் வீடுகள் தேவை. 4 கோடிப் பேர் இருந்த நாடு அந்த ஆண்டு கட்டத் தொடங்கியதோ 2.40 லட்சம் வீடுகள்தான். 1976ஐவிடக் குறைவு.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அந்த இளைஞரை வளர்த்த செலவு, படிக்க வைத்த செலவு எதுவும் கனடாவுடையது அல்ல. லூதியானாவிலோ மதுரையிலோ ஒரு குடும்பம் அந்தச் செலவைச் செய்து முடித்திருக்கிறது. அவர் வந்த கொஞ்ச நாளிலேயே வரி கட்டத் தொடங்குகிறார். கனடியப் பெண் ஒருவருக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2023இல் 1.26. இந்த நிலையில் ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் பணம் போடுகிற கைகள் வேறெங்கிருந்து வரும்? 2022க்கும் 2023க்கும் இடையில் கனடா மக்களின் சராசரி வயது சற்றே இறங்கியது. 1958க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

சரி, பிறகு ஏன் தலைக்கு வருமானம் குறைந்தது? 2023இல் கனடாவின் மொத்த உற்பத்தி கூடியது, ஆனால் மக்கள்தொகை அதைவிட வேகமாகக் கூடியதால் ஆளுக்கான பங்கு சுருங்கியது. இதில் இரண்டு வேறுவேறு காரணங்கள் கலந்திருக்கின்றன. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

முதலாவது, வெறும் சராசரிக் கணக்கு. பத்துப் பேர் ஆளுக்கு 60,000 டாலர் சம்பாதிக்கிறார்கள். புதிதாக இரண்டு பேர் வந்து ஆளுக்கு 36,000 சம்பாதிக்கிறார்கள். சராசரி 56,000 ஆகிவிடும். பழைய பத்துப் பேரில் ஒருவருக்கும் ஒரு காசு குறையவில்லை. வந்த இருவரும் ஊரில் இருந்ததைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறார்கள். பன்னிரண்டு பேரில் யாருமே ஏழையாகாமல் சராசரி மட்டும் இறங்குகிறது. தலைக்கு வருமானம் குறைந்ததைக் காட்டி ‘வந்தவர்கள் நம்மை ஏழையாக்கிவிட்டார்கள்’ என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது காரணம் நிஜமானது. ஐந்து தையல் மெஷின் உள்ள கடையில் ஐந்து பேர் வேலை பார்த்த இடத்துக்கு ஆறாவது ஆள் வந்தால் தைக்கும் சட்டை கொஞ்சம் கூடும், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடாது. அடுத்த மெஷின் வரும்வரை ஆளுக்கு ஆகும் வேலை குறைவுதான். ஒரு நாட்டுக்கு மெஷின் என்பது வீடு, சாலை, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, தண்ணீர்க் குழாய் எல்லாமே. பொருளியல் அறிஞர் ராபர்ட் சோலோ 1956இல் முன்வைத்த வளர்ச்சி மாதிரியின் நடுவே இருப்பது இந்த எண்ணம்தான். நாட்டின் மொத்த மூலதனம் அதன் ஓராண்டு வருமானத்தைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகை 1 சதவீதம் கூடினால், ஆளுக்கு இருக்கும் மூலதனம் குறையாமல் பார்த்துக்கொள்ள வருமானத்தில் 3 சதவீதத்தை ஒதுக்க வேண்டும். 3 சதவீதம் கூடினால் 9 சதவீதம். தேய்மானத்துக்குத் தனி. இவ்வளவும் முன்னேறுவதற்கு அல்ல, இருந்த இடத்திலேயே நிற்பதற்கு. 2024 ஜனவரியில் கனடாவின் நேஷனல் பேங்க் பொருளியலாளர்கள், நாடு ‘மக்கள்தொகைப் பொறி’யில் சிக்கிக்கொண்டது என்று எழுதியது இதைத்தான்: இருக்கிற சேமிப்பெல்லாம் புதிதாக வந்தவர்களுக்கு ஈடுகட்டவே போய்விடுகிறது.

வேலை விஷயத்தில் பொதுவாக நினைப்பதுபோல் நடப்பதில்லை. 1980இல் கியூபாவின் மாரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1.25 லட்சம் பேர் அமெரிக்காவுக்கு வந்தார்கள். மயாமி நகரின் தொழிலாளர் எண்ணிக்கை சில மாதங்களில் ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. பொருளியலாளர் டேவிட் கார்டு 1990இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே ஏற்கெனவே இருந்த தொழிலாளிகளின் கூலி பெரிதாகக் குறையவில்லை என்று கண்டார். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களின் கூலி குறைந்தது என்று இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னர் வாதிட்டார், அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு: வந்தவர் சாப்பிடுகிறார், துணி வாங்குகிறார், முடி வெட்டிக்கொள்கிறார். அவரே வேலையை உண்டாக்கவும் செய்கிறார்.

வீடு அப்படி அல்ல. கூட்டம் வந்ததும் கடைக்காரர் நாளைக்கே கூடுதல் அரிசி இறக்குவார், கூடுதல் வீடு இறக்க முடியாது. நிலத்துக்கு அனுமதி, வடிகால் இணைப்பு, நகராட்சிக் கட்டணம், கடன், ஆட்கள் என்று பல வருட வேலை. போதாக்குறைக்கு 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்குப் போனது. வீடு அதிகமாகத் தேவைப்பட்ட அதே சமயத்தில் கட்டுநர்களுக்குக் கடன் எட்டாமல் போனது.

வீட்டு விலையையும் வாடகையையும் பிரித்துப் பார்ப்பது இங்கே முக்கியம். 2020இல் பெருந்தொற்றால் குடியேற்றம் அடியோடு சரிந்தபோதுதான் கனடாவில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. காரணம் மலிவான கடன். விலை உச்சம் தொட்டது 2022 பிப்ரவரியில். ஆட்கள் குவியத் தொடங்கிய பிறகு விலை இறங்கியது, வாடகைதான் ஏறியது. வந்து இறங்கியவர் வீடு வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் போகிறார்.

வாடகை ஏறிய விதத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் யார் அடிபட்டார்கள் என்பது தெரியும். 2023 அக்டோபரில் கனடா முழுக்க வாடகைக்கென்றே கட்டிய குடியிருப்புகளில் காலியாக இருந்தவை 1.5 சதவீதம், ஆயிரத்தில் பதினைந்து. ஒன்டாரியோ மாகாணத்தில், பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே குடியிருப்பவருக்கு 2023இல் வாடகையை 2.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது விதி. ஆனால் அவர் காலி செய்துவிட்டால் அடுத்தவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஆகவே பத்து வருடமாக ஒரே வீட்டில் இருப்பவருக்குச் சுமை கொஞ்சம்தான். நேற்று வந்தவருக்கும், பெற்றோர் வீட்டிலிருந்து முதன்முதலாகத் தனியே போக நினைக்கும் உள்ளூர் இளைஞருக்கும்தான் மொத்த அடியும்.

டொராண்டோவை அடுத்த பிராம்ப்டனில் இதன் விளைவு பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலவறையில், தெரிந்தது. பக்கவாட்டுக் கதவு, தலையை இடிக்காத குறையாகத் தாழ்ந்த கூரை, தரைமட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல், சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். ஒரு குடும்பம் இருக்க வேண்டிய அந்த இடத்தில் வரிசையாக மெத்தை போட்டு மாணவர்கள் தங்கினார்கள். தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இல்லாத இடங்களும் அவற்றில் உண்டு. 1983க்குப் பிறகு டொராண்டோ வந்த இலங்கைத் தமிழர்கள் பலரும் செயின்ட் ஜேம்ஸ் டவுனின் உயரமான கட்டடங்களில் நெருக்கியடித்துத் தொடங்கியவர்கள்தான். அவர்கள் சில வருடங்களில் ஸ்கார்பரோவில் வீடு வாங்கி நகர முடிந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அந்த அடுத்த படி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

அப்படியானால் இந்த வேகத்தை யார் தீர்மானித்தது? யாருமே தீர்மானிக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமான பகுதி. கனடாவுக்குள் போக இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை. 1967இல் உலகுக்கே முன்னோடியாகக் கனடா இதற்குப் புள்ளி முறையை, அதாவது படிப்பு, வயது போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் முறையை, கொண்டுவந்தது. எத்தனை பேருக்கு இடம் என்று ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தில் இலக்கு வைக்கிறார்கள். 2023இல் அந்த வழியில் போனவர்கள் சுமார் 4.7 லட்சம் பேர். இன்னொன்று ஸ்டூடண்ட் விசா, ஒர்க் பர்மிட் என்ற தற்காலிகக் கதவு. 2023 வரை அதற்கு மொத்த எண்ணிக்கை வரம்பே இருக்கவில்லை. கேட்டவர்களுக்குத் தகுதி இருந்தால் கொடுத்தார்கள்.

ஒன்டாரியோ அரசு 2019இல் உள்ளூர் மாணவர்களின் கல்விக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, அதற்குமேல் ஏற்றக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. கல்லூரிகள் பணத்துக்காகப் பல மடங்கு கட்டணம் தரும் வெளிநாட்டு மாணவர்களைத் தேடின. 2022இல் வேலைக்கு ஆள் இல்லை என்று முதலாளிகள் முறையிட்டதும், மாணவர்கள் வாரம் 20 மணி நேரமே வெளியே வேலை செய்யலாம் என்ற வரம்பை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கியது. செலவுக்குக் கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று மாணவரிடம் கேட்கும் தொகை, 2000களின் தொடக்கத்திலிருந்து 10,000 டாலராகவே இருந்தது. 2024 ஜனவரியில்தான் 20,635 ஆனது. ஒவ்வொருவர் முடிவும் அவரவருக்கு நியாயமாகத் தெரிந்தது. எல்லாம் சேர்ந்து 2023 முடிவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கல்வி அனுமதிகள் நடப்பில் இருந்தன. அவர்களுக்கு வீடு எங்கே என்ற கேள்வி யார் மேஜைக்கும் போகவில்லை.

டாக்டர் விஷயத்திலும் இப்படித்தான். 2023இல் வெளியான கணக்குப்படி சுமார் அறுபத்தைந்து லட்சம் பெரியவர்களுக்குக் குடும்ப டாக்டர் இல்லாத நாட்டில், வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பயிற்சி இடம் கிடைக்காமல் வேறு வேலைக்குப் போகிறார்கள். பற்றாக்குறையைத் தீர்க்கக்கூடியவரை உள்ளே விட்டுவிட்டு, அவரையும் நோயாளிகள் வரிசையிலேயே நிறுத்துகிற ஏற்பாடு இது.

முதுமையைக் குடியேற்றத்தால் முழுவதுமாகத் தீர்த்துவிடலாம் என்பதும் நடக்காத காரியம். வந்தவர்களுக்கும் வயதாகும். ஐ.நா. 2000இல் ஒரு கணக்குப் போட்டது: தென்கொரியாவில் ஒரு முதியவருக்கு எத்தனை உழைக்கும் வயதினர் என்ற அன்றைய விகிதத்தை 2050 வரை அப்படியே காப்பாற்ற வேண்டுமென்றால் 510 கோடிப் பேர் அங்கே குடியேற வேண்டும். அப்போது உலகத்தின் மொத்த மக்கள்தொகையே 600 கோடிதான். குடியேற்றம் முதுமையின் வேகத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். அதற்கும் ஆண்டுதோறும் சீராக வருவதே பயன்படும். திடீரென்று குவிந்து திடீரென்று நிற்பது உதவாது.

கனடாவில் அந்தத் திடீர் நிறுத்தமும் நடந்தது. 2024இல் மாணவர் அனுமதிக்கு வரம்பு வந்தது. அக்டோபரில், 2025க்கு 5 லட்சம் என்றிருந்த பி.ஆர். இலக்கை 3.95 லட்சமாகக் குறைத்தார்கள். புதிதாக வாடகைக்கு வரும் வீடுகளுக்குக் கேட்கும் தொகை அந்த ஆண்டின் கடைசியிலிருந்து இறங்கத் தொடங்கியது. 2025இன் மூன்றாம் காலாண்டில் மக்கள்தொகையே 0.2 சதவீதம் குறைந்தது. மாணவர் கட்டணத்தை நம்பியிருந்த கல்லூரிகள் பாடப்பிரிவுகளை மூடி, ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பின.

அப்புறம், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். தற்காலிக அனுமதியில் இருந்தவர்கள் உச்சத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், 2026க்கான பி.ஆர். இடங்கள் 3.8 லட்சம். 2025இல் மட்டும் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறுவார்கள் என்று அரசின் திட்டமே கணக்கு வைத்திருந்தது. இவர்களில் பலர் ஊரில் நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் கட்டியவர்கள். கிடங்கிலும் கடையிலும் முதியோர் இல்லத்திலும் இரவு ஷிஃப்ட் பார்த்து, படிப்பு முடிந்தால் பி.ஆர். கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள். வீடு கட்டாததற்கும் வரம்பு வைக்காததற்கும் இவர்கள் பொறுப்பல்ல. ஆனால் ஒர்க் பர்மிட்டின் கடைசித் தேதி நெருங்குவது இவர்களுக்குத்தான்.