அந்த விதியை யார் போட்டது?

"எல்லா வழியும் பார்த்துவிட்டேன், இனி ஒன்றும் மிச்சமில்லை." மனநல ஆலோசகராக இந்த வாக்கியத்தை நான் கேட்காத வாரமே கிடையாது. சொல்பவர்கள் சோம்பேறிகளும் இல்லை, விவரம் போதாதவர்களும் இல்லை, மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தவர்கள். மனத்தில் இருப்பதை அவர்கள் கொட்டி முடித்த பிறகு, சில சமயம் ஒரு தாளில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் வைத்து, பென்சிலோடு நீட்டுவேன். பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் நான்கே நேர்கோடுகளில் ஒன்பது புள்ளிகளையும் தொட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய புதிர். அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாய்டின் 1914ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரப் புள்ளி வந்ததும் பென்சில் தானாகத் திரும்பிவிடும். அந்தத் திருப்பத்தைத்தான் நான் கவனிப்பேன். கோடு புள்ளியைத் தாண்டி வெற்றுத்தாளுக்குள் கொஞ்சம் நீண்டு போய்த் திரும்பினால்தான் நான்கில் முடியும். தாண்டக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ஒன்பது புள்ளிகளும் சேர்ந்து சதுரமாகத் தெரிவதால் கண் ஒரு வேலி போடுகிறது, கை அதற்குக் கட்டுப்படுகிறது.

சரி, "வேலிக்கு வெளியே யோசி" என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. வைஸ்பெர்க், ஆல்பா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கோடுகள் சதுரத்துக்கு வெளியே போகலாம் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகும் பெரும்பாலோரால் புதிரை முடிக்க முடியவில்லை. வேலி இல்லை என்று தெரிந்தால் மட்டும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரிந்துவிடாது. அதனால்தான் வித்தியாசமாக யோசியுங்கள் என்ற அறிவுரையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொன்னால், அதுகூட என்னால் முடியவில்லையே என்று இன்னொரு பாரம்தான் சேரும்.

அதற்குப் பதிலாக நான் கேட்பது, உங்கள் பிரச்சினையின் விதிகளைத் தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை யார் போட்டது என்றும் எழுதுங்கள் என்பதுதான். அடையாளம் தெரியாமல் விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நோயாளித் தந்தையை வருஷக்கணக்கில் தனியாகக் கவனித்துக்கொண்டவர், கூடப் பிறந்தவர்கள் இருவர் உண்டு, தூக்கம் போய், வேலையும் போகும் நிலையில் வந்தார். அவர் எழுதிய முதல் விதி: "என்னைத் தவிர வேறு யார் கவனித்தாலும் அப்பா ஏற்க மாட்டார்." யார் போட்டது என்ற இடத்தில் "அப்பா" என்று எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அப்பா அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. அடுத்த முறை வந்தபோது சொன்னார், அப்பாவிடமே கேட்டேன் என்று. மகள் தன்னைக் குளிப்பாட்டுவது அந்த மனிதருக்கு இத்தனை நாளும் கூச்சமாக இருந்திருக்கிறது. உதவியாளர் ஒருவரை வைத்தாலே தனக்கு நிம்மதி என்றிருக்கிறார். இருவரும் அடுத்தவருக்காக ஒரே விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், செலவைப் பங்கிடுவதில் சகோதரர்களோடு பெரிய இழுபறி நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு இரவுகளில் தூக்கம் வந்தது.

எல்லாப் புதிரும் இப்படி அவிழாது, இதையும் சொல்லியாக வேண்டும். 1880 வாக்கில், பதினாறு கட்டப் பெட்டியில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, பதினைந்து எண் கட்டைகளை நகர்த்தும் புதிர் பல நாடுகளைப் பிடித்து ஆட்டியது. 14ம் 15ம் மட்டும் இடம் மாறியிருக்கும், நகர்த்தி நகர்த்தி வரிசைப்படுத்த வேண்டும். அதற்குப் பிற்பாடு 1,000 டாலர் பரிசுகூட அறிவித்தார் சாம் லாய்ட். யாராலும் வாங்க முடியவில்லை, ஏனென்றால் அதற்கு விடையே இல்லை என்று 1879லேயே இரண்டு கணிதவியலாளர்கள் நிறுவிவிட்டார்கள். காலிக் கட்டம் தன் மூலைக்குத் திரும்பி வர வேண்டுமானால் நகர்த்தல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். இரண்டே கட்டைகளை இடம் மாற்றவோ ஒற்றைப்படை வேண்டும். எத்தனை இரவு விழித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

என்னிடம் வருகிற துயரங்களில் கணிசமானவை இந்த வகை. "அவர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அதில் முதலிடம். விடை முழுக்க முழுக்க இன்னொருவர் கையில் இருந்தால், நம் கட்டைகளை எப்படி நகர்த்தினாலும் அந்த 14ம் 15ம் அப்படியேதான் நிற்கும். இதைச் சொல்லும்போது அழுகிறவர்கள் உண்டு, அந்த அழுகையில் துக்கத்தோடு ஆறுதலும் கலந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் தோற்றது தாங்கள் இல்லை என்று அவர்களுக்கு அப்போதுதான் புரிகிறது. அப்புறம் கேள்வியை மாற்றலாம்: அவர் இப்படியேதான் இருப்பார் என்றால் நான் என்ன செய்யப் போகிறேன்? இதற்கு விடை உண்டு, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஆனால் களைத்துப்போய்விட்டோம் என்பதற்காக மட்டும் ஒன்றை முடியாதது என்று முடிவு கட்டாதீர்கள். எர்னோ ரூபிக் 1974இல் தான் செய்த வண்ணக் கனசதுரத்தை, அதாவது ரூபிக்ஸ் கியூபை, நிறம் நிறமாகத் தானே சேர்க்க ஒரு மாதம் போல எடுத்துக்கொண்டார். அதில் ஒரு பக்கத்தைச் சேர்த்த பிறகு அடுத்த அடுக்குக்குப் போக வேண்டுமானால் சேர்த்ததைச் சற்றுக் கலைத்தே ஆக வேண்டும், பழகாதவர்கள் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுவார்கள். வீட்டில் ஒரு மௌனத்தை உடைத்துப் பேசத் தொடங்கிய முதல் சில நாட்கள் முன்பைவிட மோசமாக இருப்பதும் அப்படித்தான்.

எழுதுங்கள், யார் போட்ட விதி என்று கேளுங்கள், அசையவில்லை என்றால் ஒரு நாள் தள்ளி வையுங்கள், வேறொருவரிடம் காட்டுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே கிடந்தால், எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால், அல்லது உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், தனியாக உட்கார்ந்து விடை தேட வேண்டாம். அந்த நிலையில் எந்தப் புதிரும் விடையில்லாததாகவே தெரியும், நோய் அப்படிக் காட்டும். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். தாளும் பென்சிலும் காத்திருக்கும்.