இரண்டு மணித்தியால கேமுக்கு ஆறாயிரம் ரூபா கொடுக்கலாமா?

1995 ஜூன், மழை கொட்டும் இரவு. ஐரோப்பா சுற்றிவிட்டு வீடு திரும்பும் மூத்த மகளை வரவேற்க ஒருவரும் இல்லை. வாசல் கதவில் தங்கை ஒட்டிவைத்த ஒரு கடிதம் மட்டும் இருக்கிறது. 'கோன் ஹோம்' கேம் இப்படித்தான் தொடங்கும். அதில் சுடுவதற்கு எதிரி இல்லை, சேர்ப்பதற்குப் புள்ளியும் இல்லை. லாச்சிகளைத் திறந்து, துண்டுக் காகிதங்களை வாசித்து, இந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று நாமே கோத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் கதை முடிந்துவிடும். 2013இல் வெளிவந்தபோது இதன் விலை 20 டொலர். அன்றைய மாற்று வீதத்தில் அது ஏறக்குறைய 2,600 ரூபா. டொலரை 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் அதே 20 டொலர் இன்று 6,000 ரூபா.

மணித்தியாலத்துக்கு மூவாயிரமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இந்த வகுத்தல் கணக்கை நம்பி கேம் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அறுபது மணித்தியாலம் ஓடும் பெரிய கேமில் கணிசமான நேரம் வரைபடத்தில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஓடுவதிலும், ஒரே மாதிரியான முகாமை முப்பதாவது தடவை பிடிப்பதிலும் போகிறது. சிறுகதையை யாரும் பக்கக் கணக்கில் நிறுத்து வாங்குவதில்லை. இப்படியான குறுகிய கதை கேம்களும் சிறுகதை மாதிரித்தான்.

'வட் ரிமெய்ன்ஸ் ஒஃப் ஈடித் ஃபின்ச்' கேமில் மீன் ரின் அடைக்கும் தொழிற்சாலைக் காட்சி ஒன்று வரும். வலது கையால் மீனை எடுத்து, வெட்டும் கத்திக்கு அடியில் தலையை வைத்து, உடலை அப்பால் தள்ள வேண்டும். அதே நேரம் அந்தத் தொழிலாளியின் பகற்கனவு திரையின் ஓரத்தில் சின்னதாக முளைக்கும். அதில் நடக்கும் ஆளை இடது கையால் ஓட்ட வேண்டும். கனவு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து திரையையே மூடிவிடும். ஆனாலும் வலது கை தானாக மீன் வெட்டிக்கொண்டே இருக்கும். சலித்துப்போன வேலையில் மனம் எங்கேயோ போய்விடுவது எப்படி என்பதை நம் கைகளுக்கே புரியவைக்கும் காட்சி அது. அந்த கேமின் மொத்த நீளமும் இரண்டு மணித்தியாலம்தான். பல மடங்கு நீளமான கேம்கள் போட்டியில் இருந்தும், 2018இல் சிறந்த கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குத்தான் கிடைத்தது.

விலை ஏன் இவ்வளவு? சண்டை கேமில் ஒரு எதிரியை ஒரு தடவை செய்துவிட்டால் ஆயிரம் தடவை பயன்படுத்தலாம். இங்கே ஒவ்வொரு அறையும், மேசையில் கிடக்கும் ஒவ்வொரு கடிதமும் ஒரே ஒரு தடவை பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. குரல் நடிகர்களின் சம்பளம் வேறு. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் பொதுவாக 30 வீதத்தை எடுத்துக்கொள்வதால், 20 டொலரில் செய்தவருக்குப் போவது வரிகளுக்கு முன் 14 டொலர்.

அதற்காகக் குறுகிய கேம் எல்லாமே நல்ல கேம் என்று அர்த்தமில்லை. வேறொருவர் செய்து விற்கும் ஆயத்த மர மாதிரிகளை வாங்கி நட்டு, நடையை வேண்டுமென்றே மெதுவாக்கி, இருபது நிமிடச் சங்கதியை இரண்டு மணித்தியாலமாக இழுப்பவையும் விற்பனையில் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்களை மட்டும் தெரிவுசெய்து, ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலம்வரை விளையாடியவர்கள் எழுதியதை வாசியுங்கள். "சீக்கிரம் முடிந்துவிட்டது" என்று பலர் எழுதியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. "எங்கே போனாலும் வெறுமை", "நடையைத் தவிர ஒன்றுமில்லை" என்பவை திரும்பத் திரும்ப வந்தால் விட்டுவிடுங்கள். முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை 'ஹவ் லோங் டு பீட்' தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தையும் யோசிக்க வேண்டும். 'ஃபயர்வொட்ச்' கேமின் நான்கு மணித்தியாலமும் வோக்கி டோக்கியில் இரண்டு பேர் கதைப்பதில்தான் தங்கியிருக்கிறது. அமெரிக்கப் பேச்சு வேகம் பழக்கமில்லாதவர்கள் சப்டைட்டிலைப் போட்டாலும் பாதியைத் தவறவிடுவார்கள். அவர்களுக்கு வசனமே இல்லாத 'ஜேர்னி' பொருத்தமானது. முதன்முதலாக இந்த வகையைத் தொடுபவருக்கு நாங்கள் சொல்வது 'எ ஷோர்ட் ஹைக்'. விலை 8 டொலர், அளவு 400 எம்பி, ஒன்றரை மணித்தியாலம், எளிய ஆங்கிலம். வெள்ளவத்தை ஃபிளட்டில் மாத டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்குக்கூட அது பாரமில்லை.

இனிப் பணம். ஸ்டீம் நமக்கு ரூபாவில் விலை காட்டுவதில்லை, டொலரில்தான் காட்டும். தெற்காசியாவுக்கு விலையைக் குறைப்பதா இல்லையா என்பது வெளியீட்டாளரின் விருப்பம். ஆகவே அமெரிக்க விலையை வைத்துக் கணக்குப் போடாமல் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். பல வங்கிகளில் அதை எப்பிலேயே திறக்கலாம். கழிக்கப்படும் தொகை செய்தியில் சொல்லும் வீதத்தில் இருக்காது. வங்கியின் விற்பனை வீதத்தோடு அதன் கட்டணமும் சேரும். வங்கி 3 வீதம் சேர்த்தால் 6,000 ரூபா 6,180 ஆகும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஆனபோது, விருப்பப் பட்டியலில் கிடந்த ஒவ்வொரு கேமும் ஒரு சென்ட்கூட ஏறாமலே முக்கால் மடங்கு விலையேறியது. அதனால்தான் வெளிவந்த அன்றே முழு விலைக்கு வாங்க வேண்டாம் என்கிறோம். விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டால், விலை இறங்கும்போது ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். வருடத்தில் நான்கு பருவகாலத் தள்ளுபடிகள் உண்டு. ஓரிரு வருடம் பழகிய கதை கேம்கள் அவற்றில் பாதி விலைக்கும் கீழே வருவது வழமை.

வாங்கியதும் முதல் அரை மணித்தியாலத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். கேமைத் திறந்துவைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாலும் அந்த நேரமும் கணக்கில் ஏறும். பாத்திரத்தின் கண்வழியே பார்த்து விளையாடும் கேம்களில் அடிக்கடி வரும் முறைப்பாடு தலைசுற்றலும் குமட்டலும். பெரும்பாலும் குறுகிய பார்வைக் கோணம், நடக்கும்போது ஆடும் கமரா, தடங்கித் தடங்கி ஓடும் படம் ஆகிய மூன்றும்தான் காரணம். செட்டிங்ஸில் ஃபீல்ட் ஒஃப் வியூ என்ற பார்வைக் கோணத்தைக் கூட்டுங்கள். கமராவை ஆட்டும் ஹெட் பொப், அசையும்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் ப்ளர் இரண்டையும் நிறுத்துங்கள். தனி கிரபிக்ஸ் கார்ட் இல்லாத லெப்டொப் என்றால் ரெசலூஷனை 1280×720க்கு இறக்கி, ஃப்ரேம் வேகத்தை, அதாவது ஒரு விநாடியில் வரும் படங்களின் எண்ணிக்கையை, 30இல் கட்டிவையுங்கள். 60க்கும் 20க்கும் இடையில் தாவுவதைவிட நிலையான 30 கண்ணுக்கு இதமானது. கொழும்புப் புழுக்கத்தில் லெப்டொப்பை மெத்தையில் வைத்து விளையாடினால் காற்றுத் துவாரம் அடைபட்டு, இருபது நிமிடத்தில் சூடேறி வேகம் குறைந்துவிடும். கேம் மோசம் என்று திருப்பிக் கொடுக்குமுன் இதைப் பாருங்கள்.

ஆனால் கதையை முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பது சரியில்லை. 'சமர் ஒஃப் 58' என்ற சிறிய திகில் கேம் 2 மணித்தியாலத்துக்குள் முடியக்கூடியது. முடித்தவர்கள் பெருமளவில் பணத்தைத் திருப்பி வாங்கியதால், 2021இல் அதைச் செய்தவர் கேம் உருவாக்கத்தையே காலவரையின்றி விட்டு விலகுவதாக அறிவித்தார்.

செலவைக் குறைக்க நேர்மையான வழிகளே இருக்கின்றன. வாங்கிய கேம்களைக் குடும்பத்துக்குள் பகிரும் ஸ்டீம் ஃபமிலீஸ் வசதியில் ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர்வரை சேரலாம். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாட முடியும். நாற்பது மணித்தியால கேமில் அது இடைஞ்சல். இரண்டு மணித்தியால கேமில் அண்ணா காலையிலும் தங்கை மத்தியானமும் அம்மா பின்னேரமும் என்று ஒரு போயா விடுமுறைக்குள் வீடே முடித்துவிடும். எல்லா கேமும் பகிர அனுமதிப்பதில்லை. கடைப் பக்கத்தில் அது குறிப்பிட்டிருக்கும். வேறு தளங்களில் மலிவாகக் கிடைக்கும் கீகள் (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடுகள்) சில நேரம் திருட்டுக் கார்டில் வாங்கியவை. பிடிபட்டால் கேம் உங்கள் கணக்கிலிருந்து நீங்கும், பணமும் திரும்பாது.

முழு விலைக்கு வாங்கிய மறுநாளே தள்ளுபடி வந்துவிட்டதா? நேர எல்லைக்குள் நின்றால் திருப்பிக் கொடுத்து, தள்ளுபடி விலையில் மறுபடி வாங்குங்கள். இதைத் தவறான பயன்பாடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீமின் விதியே சொல்கிறது. பணத்தைக் கார்டுக்கு எடுக்காமல் உங்கள் ஸ்டீம் கணக்கிலேயே பணம் இருக்கும் ஸ்டீம் வொலட்டுக்கு எடுங்கள். கார்டுக்குப் போனால் வங்கியின் மாற்று வீதத்தில் இரண்டு தடவை நட்டப்பட நேரும்.