கிராண்ட்ஃபாதர் கிளாஸ்: தாத்தாவுக்கு ஓட்டு இருந்ததா?

மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்கள் வருமான வரிக் கணக்குப் போடும்போது ‘கிராண்ட்ஃபாதரிங்’ என்ற சொல்லைப் பார்த்திருப்பார்கள். 2018 பட்ஜெட்டில், பங்குகளில் கிடைக்கும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு மறுபடியும் வரி வந்தது. ஆனால் 2018 ஜனவரி 31 வரை ஏறியிருந்த ஆதாயத்தை அரசு தொடவில்லை. அதுவரை சேர்ந்தது பழைய விதிப்படி, அதற்குப் பிறகு வருவது புதிய விதிப்படி. இதற்குத்தான் அந்தப் பெயர். கட்டட அனுமதி, காப்பீடு, மென்பொருள் சந்தா என்று இன்னும் பல இடங்களில் இதே சொல் இதே பொருளில் புழங்குகிறது. புதிதாக ஒரு விதி வரும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைப் பழைய விதியிலேயே தொடர விடுவது ‘கிராண்ட்ஃபாதர்’ செய்வது.

சரி, இதில் தாத்தா எங்கிருந்து வந்தார்? அவர் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துக்காரர். வெள்ளைக்காரர். 1867-க்கு முன்பே ஓட்டுரிமை உள்ளவர்.

கதை அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததிலிருந்து தொடங்குகிறது. 1865-இல் 13-ஆவது அரசமைப்புத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868-இல் 14-ஆவது திருத்தம் விடுதலை பெற்றவர்களைக் குடிமக்களாக்கியது. 1870 பிப்ரவரி 3 அன்று போதிய மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்ற 15-ஆவது திருத்தம் ஓட்டுரிமையைத் தொட்டது. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகிய காரணங்களால் எந்தக் குடிமகனுக்கும் ஓட்டுரிமையை மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்பது அதன் சாரம். நடைமுறையில் இது ஆண்களுக்குத்தான். நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டு கிடைக்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் இது நன்றாகவே வேலை செய்தது. ஒப்புதல் கிடைத்த அதே மாதம் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டில் நுழைந்தார். அங்கே உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். ஐந்து ஆண்டுகளில் அதே மாநிலத்திலிருந்து பிளான்ச் புரூஸ் வந்தார். அவர் அடிமையாகவே பிறந்தவர்.

திருத்தத்தின் வாசகத்தை இன்னொரு முறை படித்தால் ஓர் ஓட்டை தெரியும். ‘எல்லாருக்கும் ஓட்டு உண்டு’ என்று அது எங்கும் சொல்லவில்லை. இந்த மூன்று காரணங்களுக்காக மறுக்காதே என்று மட்டும் சொல்கிறது. அப்படியானால் நான்காவதாக ஒரு காரணம் கண்டுபிடித்தால்? எழுதியவர்களுக்கு இது தோன்றாமல் இல்லை. செனட்டர் ஹென்றி வில்சன் கொண்டுவந்த வரைவில் சொத்து, கல்வி, பிறந்த நாடு, மத நம்பிக்கை ஆகியவற்றைக் காட்டி மறுப்பதற்கும் தடை இருந்தது. செனட் அதை ஒருமுறை நிறைவேற்றவும் செய்தது. கடைசியில் அது கைவிடப்பட்டதற்குத் தென் மாநிலங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் ஐரிஷ் குடியேறிகளை மனத்தில் வைத்துப் படிப்பறிவு நிபந்தனை இருந்தது. ரோட் ஐலண்டில் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குச் சொத்து நிபந்தனை. கலிஃபோர்னியாவுக்குச் சீனர்கள் ஓட்டுப் போடுவதில் விருப்பமில்லை. வடக்கும் மேற்கும் தங்கள் தங்கள் கதவில் பூட்டு வேண்டும் என்றன. விட்டுவைத்த அந்தப் பூட்டைத்தான் தெற்கு பின்னால் எடுத்து மாட்டியது.

1876-இல் உச்ச நீதிமன்றம் ரீஸ் வழக்கில் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: 15-ஆவது திருத்தம் யாருக்கும் ஓட்டுரிமையைத் தரவில்லை, இனத்தைக் காரணம் காட்டி மறுப்பதை மட்டுமே தடுக்கிறது. மறு ஆண்டு கூட்டாட்சிப் படைகள் தென் மாநில அரசியலைக் காவல் காப்பதை நிறுத்திக்கொண்டன. அப்புறம் சில காலம் துப்பாக்கியும் சாட்டையும் வாக்குப்பெட்டி மோசடியும் போதுமானதாக இருந்தன. 1890-இல் மிசிசிப்பி, சட்டத்தையே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தது. தலைக்கு 2 டாலர் வாக்கு வரி. அரசமைப்பின் ஏதாவது ஒரு பிரிவைப் படித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் படிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். சொன்ன பொருள் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்பவர் பதிவு அலுவலர். அவர் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. 1898-இல் வில்லியம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதிலும் குற்றம் காணவில்லை, ஏனென்றால் சட்டத்தில் ‘கறுப்பர்’ என்ற சொல்லே இல்லை.

இந்த வழியில் ஒரு தொல்லை இருந்தது. தெற்கில் எழுதப் படிக்கத் தெரியாத ஏழை வெள்ளையர்கள் ஏராளம். படிப்புத் தேர்வு அவர்களையும் வெளியே தள்ளும். ஓட்டை இழக்கும் வெள்ளை விவசாயி சும்மா இருப்பானா? அங்கேதான் தாத்தா உதவிக்கு வந்தார்.

1898-இல் லூயிசியானா புதிய அரசமைப்பை எழுதியது. ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். கூடவே ஒரு விலக்கு: 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ ஓட்டுரிமை பெற்றிருந்தவருக்கும், அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் இந்த நிபந்தனைகள் கிடையாது. 1898 செப்டம்பர் 1-க்கு முன் பதிந்துகொண்டால் போதும். 1898-க்கு முன் குடியுரிமை பெற்றிருந்த வெளிநாட்டவருக்கும் தனியாக ஒரு சலுகை வைத்தார்கள்.

சூட்சுமம் முழுவதும் அந்தத் தேதியில் இருக்கிறது. தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு வழங்கிய மறுசீரமைப்புச் சட்டம் 1867 மார்ச் மாதம் வந்தது. ஜனவரி 1 என்று கோடு போட்டால் அடிமையாக இருந்த ஒருவர்கூடக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரமாட்டார். இனத்தையும் சொல்லவில்லை, நிறத்தையும் சொல்லவில்லை, அடிமை என்ற சொல்லும் இல்லை. ஒரு தேதியும் ஓர் உறவுமுறையும் மட்டும். மாசசூசெட்ஸில் சுதந்திரமாக வாழ்ந்து ஓட்டுப் போட்ட கறுப்பரின் பேரன் லூயிசியானாவுக்குக் குடிவந்திருந்தால் அவருக்கும் இந்த விலக்கு பொருந்தும் என்று வாதாட இடமிருந்தது. அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். ‘எல்லாருக்கும் பொதுவான விதி’ என்று கோர்ட்டில் சொல்வதற்கு அந்த இடைவெளி வசதியாக இருந்தது.

1896-இல் லூயிசியானாவில் ஏறத்தாழ 1,30,000 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். இடையில் வந்த கடுமையான பதிவுச் சட்டமும் இந்த அரசமைப்பும் சேர்ந்து 1900-இல் அதை 5,320 ஆக்கின.

ஒரு வேடிக்கை: சட்டத்தின் வாசகத்தில் மகன், பேரன் என்றுதான் இருக்கிறது, தாத்தா இல்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்தித்தாள்களும் அரசியல் பேச்சுகளும் வைத்த பெயர்தான் ‘கிராண்ட்ஃபாதர் கிளாஸ்’ (grandfather clause; ‘கிளாஸ்’ என்றால் சட்ட ஷரத்து). வட கரோலினா, அலபாமா, ஜார்ஜியா என்று மற்ற மாநிலங்களும் இதே வழியைப் பிடித்தன. அலபாமாவில் தாத்தாவின் ஓட்டுக்குப் பதில் தாத்தாவின் துப்பாக்கி: போர்வீரர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் விலக்கு.

கடைசியாக வந்த ஒக்லஹோமா கொஞ்சம் துணிந்துவிட்டது. 1907-இல்தான் அது மாநிலமே ஆனது. 1910-இல் படிப்பறிவுத் தேர்வைக் கொண்டுவந்து, 1866 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ எந்த ஆட்சியின் கீழும் ஓட்டுரிமை பெற்றிருந்தவர்களுக்கும், அன்றைக்கு வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்கும், இவர்களின் சந்ததியினருக்கும் விலக்கு அளித்தது. அதாவது 1866-இல் ஜெர்மனியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரின் பேரன் கைநாட்டாக இருந்தாலும் ஓட்டுப் போடலாம். அந்த மண்ணில் பிறந்த கறுப்பர், பிறப்பால் அமெரிக்கர், தேர்வு எழுத வேண்டும். லூயிசியானாவில் பதிவுக்கு இருந்த கெடுவும் இங்கே இல்லை, என்றென்றைக்குமான விலக்கு.

இதைச் செயல்படுத்திக் கறுப்பினத்தவரை ஓட்டுப் போட விடாமல் தடுத்த கின், பீல் என்ற இரண்டு தேர்தல் அலுவலர்கள் மீது கூட்டாட்சி அரசு வழக்குப் போட்டது. அவர்களுக்குத் தண்டனை கிடைத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக 1909-இல் தொடங்கிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் தன் சார்பில் வாதுரை தாக்கல் செய்தது. 1915 ஜூன் 21 அன்று தீர்ப்பு வந்தது: செல்லாது. எழுதியவர் தலைமை நீதிபதி எட்வர்ட் டக்ளஸ் ஒயிட். அவரே லூயிசியானாக்காரர், கரும்புத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை, உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் இருந்தவர். இனம் என்ற சொல் இல்லாவிட்டாலும், 1866 ஜனவரி 1 என்ற தேதிக்கு 15-ஆவது திருத்தம் ஒழிக்க வந்த நிலையை மறுபடி உயிர்ப்பிப்பதைத் தவிர வேறு காரணமே தெரியவில்லை என்ற ரீதியில் அவர் எழுதினார். தேதியைப் பார், அதன் வேலையைப் பார் என்ற இந்த வாசிப்புதான் அந்தத் தீர்ப்பின் உண்மையான சாதனை என்று எனக்குத் தோன்றும்.

நடைமுறையில் பலன் குறைவு. பழைய மாநிலங்களில் விலக்கின் கெடு அதற்குள் முடிந்திருந்தது; சேர வேண்டிய வெள்ளையர் பட்டியலில் சேர்ந்தாகிவிட்டது. ஒக்லஹோமா 1916-இல் புதுச் சட்டம் போட்டது: 1914-இல் ஓட்டுப் போட்டவர்கள் தானாகவே பட்டியலில் இருப்பார்கள், மற்றவர்கள் ஏப்ரல் 30-இலிருந்து மே 11-க்குள் பதிந்துகொள்ள வேண்டும், தவறினால் நிரந்தரமாகக் கிடையாது. 1914-இல் ஓட்டுப் போட முடிந்தவர் யார்? தாத்தாவின் தயவில் போட்டவர்கள்தான். பெயர் மாறிய அதே விலக்கு. லேன் என்ற கறுப்பின வாக்காளர் போட்ட வழக்கில், 1939-இல்தான் இதுவும் விழுந்தது. முரட்டுத்தனமான பாகுபாட்டை மட்டுமல்ல, நயமாகச் செய்த பாகுபாட்டையும் திருத்தம் செல்லாததாக்கும் என்றார் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர். படிப்பறிவுத் தேர்வுக்கு உண்மையான முடிவு 1965 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான வாக்குரிமைச் சட்டத்தோடு தொடங்கியது. திருத்தம் வந்து 95 ஆண்டுகள் கழித்து.

இதற்கிடையில் சொல் தன் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டது. ‘பழையவர்களுக்கு விலக்கு’ என்ற எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நகராட்சி விதிகள், தொழில் உரிமங்கள், வரி என்று நுழைந்தது. பெயர்ச்சொல்லாக இருந்தது வினையாகவும் ஆனது. 2020-இல் மாசசூசெட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கட்டட வழக்கில், இனவெறி சார்ந்த பிறப்பு என்பதால் இந்தச் சொல்லைத் தவிர்க்கிறோம் என்று அடிக்குறிப்பு எழுதியது. சில மென்பொருள் நிறுவனங்களும் அதே ஆண்டு மாற்றுச் சொல்லுக்குப் போயின.

நமக்கு நெருக்கமான ஓர் இடத்திலும் தாத்தா நின்றிருக்கிறார். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், அந்த ஆண்டு நவம்பர் 15-க்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிக் குடிமகனாக வேண்டுமானால் தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தோட்ட லயங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரால் இதைக் காகிதத்தில் காட்ட முடியவில்லை. 1949-இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தியதும் அவர்களுடைய ஓட்டும் போனது. இதைக் ‘கிராண்ட்ஃபாதர் கிளாஸ்’ என்று அழைப்பது சரியல்ல. அங்கே தாத்தா விலக்கு தருகிறார், இங்கே தாத்தாவே நிபந்தனை. ஆனால் இனத்தின் பெயரைச் சொல்லாமல் தேதியையும் பரம்பரையையும் வைத்துக் கோடு கிழிக்கும் கைவேலை இரண்டிலும் ஒன்று.

இனித் தமிழுக்கு வருவோம். ‘தாத்தா ஷரத்து’ என்று நேராகச் சொன்னால் சிரிப்பு வருகிறது. ‘தாத்தா விதி’ என்றாலும் அப்படித்தான். தவிர, அது விதியே அல்ல, விதியிலிருந்து விலக்கு. ‘முன்னுரிமை’ என்று சிலர் எழுதுவது தவறு, அது வரிசையில் முந்துவதைக் குறிக்கும். ‘முன்னிலைக் காப்பு’ கேட்க நன்றாக இருந்தாலும் ‘முன்னிலை’ என்றதும் இலக்கண வகுப்பும் ஓட்டு எண்ணிக்கையும் நினைவுக்கு வந்துவிடும்.

என் யோசனை, இரண்டு பொருளுக்கும் ஒரே சொல்லைத் தேடாமல் பிரித்துவிடுவது. லூயிசியானாவுக்கும் ஒக்லஹோமாவுக்கும் ‘பாட்டன்வழி விலக்கு’. தாய்வழி, தந்தைவழி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது சிக்கலாக இருக்காது. ‘பாட்டன் சொத்து’ என்ற வழக்கின் எதிரொலியும் இதில் கிடைக்கிறது. ஓட்டைப் பூர்வீக நிலம்போலப் பேரனுக்கு எழுதிக்கொடுத்ததுதானே அங்கே நடந்தது?

இன்றைய வரி, பென்ஷன் பொருளுக்குத் தாத்தாவே வேண்டாம். ‘பழைய நிலைக் காப்பு’ போதும். ‘காப்பு’ சட்டத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொல். 2003 ஏப்ரல் 1-க்கு முன் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்திலேயே தொடர்கிறார்கள் அல்லவா, அதற்கு இது கச்சிதமாகப் பொருந்தும். வினையாக வேண்டுமென்றால் ‘பழைய விதியில் விட்டுவைத்தார்கள்’ என்று எழுதலாம். அலுவலகங்களில் பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே, ‘2018 ஜனவரி 31 வரையிலான ஆதாயத்துக்குப் பழைய நிலைக் காப்பு உண்டு’. ‘ஒக்லஹோமாவின் பாட்டன்வழி விலக்கு 1915-இல் செல்லாததாக்கப்பட்டது’.