வண்ணப் படம் கேட்டு வந்த மகன்

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒருவர் தன் அம்மாவை எம்ஆர்ஐ எடுக்க அழைத்து வந்தார். கையில் இணையத்திலிருந்து அச்சடித்த ஒரு படம். மூளைக்குள் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். "டாக்டர், அம்மாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க. அல்சைமர்னா முன்னாடியே தெரிஞ்சிடுமாமே?"

அந்த அம்மாவுக்கு, அதாவது நம் ஆயாவுக்கு, 81 வயது. காவடி என்றைக்கு என்று ஒரே காலையில் நாலு தடவை கேட்கிறாராம். கறியில் உப்பு இரண்டு முறை விழுகிறதாம்.

மகன் படித்தது பொய்யில்லை. மூளையில் ஓரிடம் வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். எம்ஆர்ஐ அந்த மாற்றத்தைப் பிடிக்கும். ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போதுகூட, தள்ளித் தள்ளி இருக்கும் சில பகுதிகளில் இந்த ஏற்ற இறக்கம் ஒரே தாளத்தில் நடப்பதை 1995-இல் பிஸ்வால் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். தாளம் ஒத்துப்போனால் அவை தொடர்பில் இருப்பதாகக் கணிக்கிறோம். ஆக, இந்த வகைப் படத்தில் இருக்கும் கோடு நரம்பு அல்ல, கணக்கு.

நேற்று நடந்ததை அசைபோடும்போதும் நாளைக்கு என்ன சமையல் என்று யோசிக்கும்போதும் சேர்ந்து இயங்கும் பகுதிகள் சில உண்டு. அல்சைமரின் தொடக்கத்திலேயே இந்தக் கூட்டு தளர்வதை 2004-இல் கிரைசியஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டார்கள். புது நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸும், மூளையின் நடுவே பின்பக்கம் உள்ள பகுதியும் ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்குகின்றன. மூளை சுருங்கியது கண்ணுக்குத் தெரியும் முன்பே இது நடக்கலாம்.

அப்படியானால் ஆயாவுக்கு ஏன் எடுக்கக் கூடாது? அந்த ஆய்வுகள் ஒரு கூட்டத்தின் சராசரியை இன்னொரு கூட்டத்தின் சராசரியோடு ஒப்பிடுபவை. தனி ஒருவருக்கு அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இன்னொரு வம்பும் இருக்கிறது. ஸ்கேனுக்குள் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே, தூரத்துப் பகுதிகளின் தொடர்பு குறைந்த மாதிரி படம் காட்டும். 2012-க்குப் பிறகு இந்தத் துறையையே உலுக்கிய விஷயம் இது. முதுகுவலியோடு அந்தச் சத்தத்துக்குள் படுத்திருக்கும் ஆயா அசையாமல் இருப்பாரா? அசதியில் தூங்கிப்போனால் கணக்கு வேறு மாதிரி மாறும்.

சரி, சாதாரண எம்ஆர்ஐ போதும் என்றேன். ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறதா, தெரியாமல் வந்துபோன சிறு பக்கவாதம் உண்டா, எப்போதோ விழுந்ததில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று அதிலேயே பார்க்கலாம். கூடவே தைராய்டு, வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை. நம் ஆட்களில் சர்க்கரை நோய் அதிகம். அதற்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையக்கூடும், அதுவும் மறதியைத் தரும். ஆயாவின் மாத்திரைப் பையில் அது இருந்தது.

அப்புறம், ஆயாவுக்கு ஏற்கெனவே நடந்திருந்த நினைவுச் சோதனை. ஒரு கிளினிக்கில் அதை ஆங்கிலத்தில் நடத்தியிருக்கிறார்கள். ஆயா பள்ளிக்குப் போனது நாலு வருஷம், வீட்டில் பேசுவது தமிழ். மதிப்பெண் குறைந்ததில் மறதி எவ்வளவு, பாஷை எவ்வளவு? எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து மறுபடி செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி தொடங்கியாகிவிட்டது. இடப்பக்க ஹிப்போகாம்பஸ் கொஞ்சம் சுருங்கியிருப்பதையும் அறிக்கையில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கிறோம்.